இரண்டு பெட்டி கறுப்புச் சட்டைகள்

குண்டடம்
20.11.2025

அக்ஷராவின் அப்பாவுக்கு,

மேலே “அன்புள்ள” என்று எழுதி அடித்திருக்கிறேன். அடித்தது உங்களுக்குத் தெரியட்டும் என்றுதான் வேறு தாள் எடுக்கவில்லை.

முப்பத்தேழு தடவை போன் செய்தீர்கள். அதற்குப் பிறகுதான் பிளாக் செய்தேன். அந்தப் படம் வந்த போனில் உங்கள் குரலைக் கேட்க எனக்கு இஷ்டமில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமானால் எழுதுங்கள். கடிதத்தை யாரும் குரூப்பில் போட்டுச் சிரிக்க முடியாது. போட்டாலும் உங்கள் கையெழுத்து ஒருவருக்கும் புரியாது.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் பகுத்தறிவுப் படிப்பு வட்டம் நம் வீட்டில் கூடியது. பதினோரு பேருக்கு டீ போட்டுக்கொண்டு நான் சமையலறையில் நின்றேன். பிள்ளை வீறிட்டாள். தட்டோடு ஓடி வந்து பார்த்தால், கம்பெனியில் பிசிர் நூல் வெட்டுகிற கத்தரி உங்கள் கையில். பிள்ளையின் அரைஞாண் கயிறு உங்கள் செயலாளர் ராமர் கையில். எல்லோரும் சிரிக்கிறீர்கள். ஒருத்தர் படம் எடுக்கிறார். “மூடநம்பிக்கையிலிருந்து விடுதலை பெற்ற எங்கள் முதல் குழந்தை” என்று அதை வட்டத்தின் குரூப்பில் போட்டீர்கள். திங்கட்கிழமை குண்டடத்தில் என் அண்ணன் போனுக்கே அது வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாராபுரம் பஸ் ஏறி இங்கே அப்பா வீட்டுக்கு வந்துவிட்டேன். இதுதான் நடந்தது. “சின்ன விஷயத்துக்குக் கோபித்துக்கொண்டு போய்விட்டாள்” என்று நீங்கள் ஊரெல்லாம் சொல்வதாகக் கேள்விப்பட்டேன். அதனால் எழுதிவைக்கிறேன்.

அதற்கு முந்தின மாதம் என் சாமி அலமாரியைக் காலி செய்து உங்கள் பிரிண்டிங் இங்க் டப்பா அடுக்கினீர்கள். நான் ஏதாவது கேட்டேனா? முருகன் படத்தை என் சேலைகளுக்கு நடுவில் பெட்டிக்குள் வைத்துக்கொண்டேன். சாமிக்கும் எனக்கும் அது பழகிவிட்டது. பெருநாளைக்குப் பக்கத்து வீட்டு ஷமீமா அக்கா சேமியா கொண்டுவந்தபோது, ராமர் அவருடைய தலைத்துணியைக் காட்டி, “இந்த வெயிலுக்கு உள்ள மூளை வேகாதாக்கா?” என்றார். அன்றைக்கும் சிரித்தீர்கள். அக்கா கிண்ணத்தைக் கூட வாங்காமல் போனார்.

உங்களுக்குச் சாமி நம்பிக்கை கிடையாது என்று கல்யாணத்துக்கு முன்பே சொன்னீர்கள். சரி என்றேன். நான் கும்பிடும்போது சிரிப்பதற்கு ஆள் கூட்டிக்கொண்டு வருவேன் என்று அப்போது சொல்லவில்லையே?

சித்ராதேவி


மண்ணரை
25.11.2025

அன்புள்ள சித்ரா,

நான் அடிக்கவில்லை. தெளிவாகவே இருக்கிறது, பார்த்துக்கொள்.

குக்கரில் அரிசிக்கு எத்தனை விசில் என்று ஷமீமா அக்காவிடம் கேட்டேன். “ஊருல உலகத்துல உள்ளதையெல்லாம் கேள்வி கேக்குற தம்பி, இதை இத்தனை நாளா கேக்கலியா?” என்றார். நான்கு விசில் விட்டேன். கஞ்சியாகிவிட்டது. நீ போனதிலிருந்து கஞ்சிதான். இதை இரக்கத்துக்காக எழுதவில்லை, தகவலுக்காக எழுதுகிறேன்.

இப்போது நியாயத்துக்கு வா. ஆறாம் மாதத்தில் அவள் இடுப்பைச் சுற்றிப் புண் வந்ததா இல்லையா? அது கயிறு உரசிய புண்தானே? சிணுங்கிக்கொண்டு கிடந்தாளே, மறந்துவிட்டதா? இந்த ஊரில் குழந்தைச் சட்டைக்கு லேபிள் வைத்துத் தைத்தால் கழுத்தில் உரசும் என்று வெளிநாட்டுக்காரன் வேண்டாம் என்கிறான். அளவைத் துணியிலேயே பிரிண்ட் அடித்துக் கொடுக்கிறோம். நான்தான் அடிக்கிறேன். யாரோ முகம் தெரியாத பிள்ளைக்கு நான் அவ்வளவு பார்க்கும்போது, என் பிள்ளைக்கு நீ முறுக்குக் கயிற்றைக் கட்டி வைப்பாய். அதை வெட்டினால் நான் கெட்டவன்! போடி, நன்றாக இருக்கிறது உன் நியாயம்.

சிரித்தது தப்பென்றால் தப்பு. ஆனால் சிரிக்காமல் எதுதான் மாறியிருக்கிறது? மரியாதையாகச் சொன்னால் யார் கேட்கிறார்கள்?

ஒரு செய்தி. டிசம்பர் பதினான்காம் தேதி ஞாயிற்றுக்கிழமை எங்கள் மாநாடு. பல்லடம் ரோட்டில் பெரிய மண்டபம் பிடித்திருக்கிறோம். தொண்டர்கள் நாற்பது பேருக்குக் கறுப்பு டீ-சர்ட். முதுகில் பெரிதாக வெள்ளையில் “கடவுள் ஒரு கற்பனை”. நானே ஸ்கிரீன் பிரிண்ட் போட்டேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று படிக்கலாம்!

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? உன் அப்பாவின் சபரிமலைக் குழுவும் எங்கள் யூனிட்டில்தான் ஆர்டர் கொடுத்திருக்கிறது. அதே கறுப்புத் துணி, அதே நாற்பது உருப்படி, முதுகில் “சாமியே சரணம் ஐயப்பா”. வேண்டுமென்றே செய்திருக்கிறார் உன் அப்பா. இதை நான் அடிக்க மாட்டேன் என்று முதலாளியிடம் சொன்னேன். “ஏம்ப்பா மாரிச்செல்வம், இந்த மேசைல சரணமும் ஓடும், ஸ்தோத்திரமும் ஓடும், எல்லாக் கட்சியும் ஓடும். உனக்குப் புடிச்சதை மட்டும் அடிக்கோணும்னா தனியா யூனிட் போட்டுக்க” என்று சொல்லிவிட்டார். அடிக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு அடிக்கிறேன்.

அக்ஷரா நடக்கிறாளா? அதை மட்டுமாவது எழுது.

மாரிச்செல்வம்


குண்டடம்
30.11.2025

அக்ஷராவின் அப்பாவுக்கு,

நான்கு அடி நடந்தாள். ஐந்தாவது அடியில் கோழியைப் பார்த்துக் கைதட்டி விழுந்தாள். அதை நீங்கள் பார்க்கவில்லை. அது என் தப்பில்லை.

புண் வந்தது உண்மை. கயிற்றைத் தளர்த்திக் கட்டினேன், பிள்ளையை டாக்டரிடம் தூக்கிப் போனேன், மருந்து போட்டேன். நீங்கள் அந்த வாரம் முழுக்க நோட்டீஸ் ஒட்டிக்கொண்டிருந்தீர்கள். தடுப்பூசி அட்டை என் கைப்பையில் இருக்கிறது. ஒன்பதாம் மாத ஊசியை எந்தக் கையில் போட்டார்கள், சொல்லுங்கள் பார்க்கலாம்? தெரியாது. எனக்குத் தெரியும், ஏனென்றால் நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். கயிறு கட்டுகிறவளுக்கு ஊசி போடத் தெரியாது என்று உங்களுக்கு யார் சொன்னது?

இங்கே வீட்டில் அண்ணன் துள்ளிக்கொண்டிருக்கிறான். “அந்தாளு ஊட்டுக்கு இனி நீ போகவே வேண்டாம்” என்கிறான். அப்பா மாலை போட்டிருப்பதால் கடுஞ்சொல் பேசக் கூடாது. யாரைச் சொன்னாலும் சாமி என்றுதான் சொல்ல வேண்டும். அதனால் உங்களைப் பற்றிக் கேட்கும்போதும், “அந்தச் சாமி எப்ப வருதாம் கண்ணு?” என்கிறார். முதல் தடவை கேட்டபோது அடுப்படிக்கு ஓடிப்போய்ச் சிரித்தேன். அம்மாவும் சிரித்தாள். நீங்கள் இருந்திருந்தால் உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

சிரிப்பு அதோடு முடிந்தது. நேற்று ஷமீமா அக்கா போன் செய்தார். மாநாட்டு மேடையில் அந்தப் படத்தை எட்டடி உயரத்துக்கு பேனர் அடித்து வைக்கப் போகிறீர்களாமே? நிஜமா?

நிஜமென்றால் கேட்டுக்கொள்ளுங்கள். என் பிள்ளை உங்கள் கொள்கைக்கு விளம்பரம் இல்லை. அந்த பேனர் ஏறினால் நான் மண்ணரைக்குத் திரும்ப மாட்டேன். அண்ணன் சொல்வதால் இல்லை. நானே சொல்கிறேன்.

சித்ராதேவி


மண்ணரை
5.12.2025

சித்ரா,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இதையும் கிழிப்பதற்குள் தபாலில் போட்டுவிட வேண்டும்.

எனக்கு வெள்ளையம்மாள் என்று ஒரு தங்கை இருந்தாள், மஞ்சள் காமாலையில் செத்துப்போனாள். உனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மீதியைச் சொல்கிறேன்.

அவளுக்குப் பதினான்கு வயது. எனக்குப் பதினேழு. சாத்தூர் பக்கம் எங்கள் ஊர். கண்ணெல்லாம் மஞ்சளாகி, சாப்பிட்டதை வாந்தி எடுத்துக்கொண்டு கிடந்தாள். காத்துக் கருப்பு அடித்துவிட்டது என்றார்கள். கோயிலுக்குக் கொண்டுபோய் மண்டபத்தில் படுக்க வைத்தார்கள். சாமியாடி ஒவ்வொரு கயிறாகக் கட்டினான். கையில், கழுத்தில், இடுப்பில். அரசாங்க ஆஸ்பத்திரி நான்கு கிலோமீட்டர். மூன்றாம் நாள் நான் சொன்னேன். “சாமி முன்னால எதுத்தா பேசுத?” என்று என் அப்பா அறைந்தார். அவருக்கும் பயம். பதினோராம் நாள் அவள் யாரையும் அடையாளம் தெரியாமல் உளறினாள். நான் தூக்கி சைக்கிளில் வைத்து, என் வேட்டியால் என் முதுகோடு கட்டிக்கொண்டு மிதித்தேன். ஊசி போட இடம் வேண்டும் என்று நர்ஸ் கயிறுகளைக் கத்தரியால் வெட்டினார். எண்ணிக்கொண்டே வெட்டினார். ஏழு. மறுநாள் மத்தியானம் போய்விட்டாள்.

இப்போது சொல். என் பிள்ளை இடுப்பில் கறுப்புக் கயிற்றைப் பார்க்கும்போது நான் என்ன செய்ய வேண்டும்? கும்பிட வேண்டுமா? நம் வீட்டில் பிறந்த பெண்பிள்ளைக்கு இனி ஒரு கயிறும் கிடையாது என்று நான் சத்தியம் செய்திருக்கிறேன். சாமி மேல் இல்லை, அவள் மேல். எனக்கு இந்தக் கோயில், கொடை விழா, குறி எதைப் பார்த்தாலும் கோபம் வருகிறது. அது போகாது. போகவும் வேண்டாம்.

அந்தப் படம் வெள்ளையம்மாளுக்காக. பேனர் அடித்தாகிவிட்டது. அது இறங்காது.

மாரிச்செல்வம்


குண்டடம்
9.12.2025

ஏனுங்க,

உங்கள் கடிதத்தை மாட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து படித்தேன். அங்கேதான் யாரும் வந்து என்ன என்று கேட்க மாட்டார்கள். மூன்று தடவை படித்தேன். அவளை முதுகோடு கட்டிக்கொண்டு சைக்கிள் மிதித்தீர்கள் என்ற இடத்துக்கு மேல் ஒவ்வொரு தடவையும் நின்றுவிட்டேன்.

நான்கு வருஷம் ஒரே வீட்டில் இருந்து இதை என்னிடம் சொல்லவில்லையே நீங்கள். அந்தப் பதினோரு பேரிடமாவது சொன்னீர்களா? சொல்லியிருக்க மாட்டீர்கள். சொல்லியிருந்தால் அன்றைக்கு அவர்கள் சிரித்திருக்க மாட்டார்கள்.

வெள்ளையம்மாளைப் படுக்க வைத்தவர்களோடு உங்களுக்குச் சண்டை என்றால் நான் உங்கள் பக்கம்தான். அந்தச் சாமியாடி எதிரில் வந்தால் சாணிக்கூடையை அவன் தலையில் கவிழ்ப்பேன், சத்தியமாக. ஆனால் நான் அந்தச் சாமியாடி இல்லீங்க. ஷமீமா அக்காவும் இல்லை. அக்ஷராவுக்கு மூன்று நாள் காய்ச்சல் அடித்தபோது விபூதி வைத்துவிட்டு ஆட்டோ பிடித்தவள் நான். இரண்டையும் செய்தேன். உங்களுக்கு விபூதி மட்டும் தெரிந்தது, ஆட்டோ தெரியவில்லை.

எனக்கு எதற்குச் சாமி என்று ஒருதடவை கேட்டீர்கள். நீங்கள் கேட்ட விதத்தில் பதில் சொல்லப் பிடிக்கவில்லை. இப்போது சொல்கிறேன். பிரசவ வார்டில் நான் பன்னிரண்டு மணி நேரம் கத்தியபோது பிடித்துக்கொள்ள ஒரு பெயர் வேண்டியிருந்தது. உங்கள் பெயரையும் கத்தினேன். நீங்கள் வெளியே நின்றீர்கள். முருகன் உள்ளே வந்தான். அவ்வளவுதான். இதற்கு ஆதாரம் கேட்காதீர்கள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தப் படத்தை ஒரு தடவை சரியாகப் பாருங்கள். உங்களைப் பார்க்காதீர்கள், ராமரைப் பார்க்காதீர்கள், கயிற்றைப் பார்க்காதீர்கள். மீதி என்ன இருக்கிறதோ அதைப் பாருங்கள்.

நான் சொன்ன சொல்லில் மாற்றம் இல்லை. பேனர் ஏறினால் வர மாட்டேன்.

சித்ரா


குண்டடம்
13.12.2025, சாயங்காலம் ஐந்தரை

ஏனுங்க,

பால் வண்டிக்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன். காலை ஆறரைக்குள் உங்கள் கையில் கிடைக்கும். கிடைத்தவுடன் படியுங்கள்!

உங்கள் யூனிட்டிலிருந்து வந்த பெட்டியைப் பிரித்து சட்டைகளை எண்ணி வைக்கச் சொன்னார் அப்பா. ஒன்றை விரித்தேன். முதுகில் “கடவுள் ஒரு கற்பனை”. இன்னொன்றை விரித்தேன், அதேதான். நாற்பதும் அதேதான்!

வேண்டுமென்றே செய்தீர்களா? செய்திருக்க மாட்டீர்கள் என்று நம்பத்தான் பார்க்கிறேன். ஆனால் சென்ற மாதம் வரைக்கும் பிள்ளைமேல் கத்தரி வைக்க மாட்டீர்கள் என்றும் நம்பினேனே. அப்பாவும் அண்ணனும் இதைப் பார்த்தால் என் பேச்சு எடுபடாது. உங்களுக்கும் இந்த வீட்டுக்கும் அத்தோடு முடிந்தது. எனக்கும் உங்களுக்கும் கூட.

அதனால் யாரிடமும் சொல்லவில்லை. பெட்டியைக் கொட்டகையில் தவிட்டு மூட்டைகளுக்குப் பின்னால் தள்ளிவிட்டேன். “அளவு கொஞ்சம் மாறியிருக்குதுங்கப்பா, காலைல வேற வருது” என்று அப்பாவிடம் சொன்னேன். மாலை போட்டவரிடம் பொய் சொல்லியிருக்கிறேன். உங்களுக்காக.

நாளைக் காலை பத்து மணிக்கு இருமுடி கட்டு. பதினொன்றுக்கு பஸ் கிளம்பும். எங்கள் சட்டை உங்கள் மண்டபத்தில்தான் இருக்கும். எடுத்துக்கொண்டு பின்பக்கம் கொட்டகைக்கு வாருங்கள். ஏன் போன் செய்யவில்லை என்று கேட்பீர்கள். வீடு நிறைய சாமிமார். வாயைத் திறந்தால் எல்லோர் காதிலும் விழும். மெசேஜ் அனுப்ப பிளாக்கை எடுக்க வேண்டும். அதை எடுக்க மாட்டேன்.

ஒன்பதரை வரைக்கும் பார்ப்பேன்.

சித்ரா


மண்ணரை
15.12.2025

அன்புள்ள சித்ரா,

நேற்றுக் கொட்டகையில் நீ ஒரு வார்த்தை பேசவில்லை. பெட்டியை வாங்கினாய், பழைய பெட்டியைக் கொடுத்தாய், போய்விட்டாய். அக்ஷரா என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கி அழுதாள். தாடி வளர்ந்திருக்கிறது, அதனால் இருக்கும் என்று வரும் வழியெல்லாம் எனக்கே சொல்லிக்கொண்டு வந்தேன். பேச முடியாததை இதில் எழுதுகிறேன். எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

முதலில் இது. வேண்டுமென்றே செய்யவில்லை. ஆனால் தப்பு என்னுடையதுதான். பிரிண்ட் முதுகில் இருப்பதால் மடித்து பாலிதீனில் போட்டபின் இரண்டு ஆர்டரும் பார்வைக்கு வெறும் கறுப்பு. பெட்டியில் விலாசம் ஒட்டுவதற்கு முன் ஒரு சட்டையைப் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் ஒட்ட வேண்டும். எட்டு வருஷமாக அப்படித்தான் ஒட்டுகிறேன். அன்றைக்கு மட்டும், “சரணம்” என்ற எழுத்து என் கண்ணில் படக் கூடாது என்ற திமிரில், பிரிக்காமலே ஒட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு அடிக்கிறேன் என்று உனக்கு எழுதினேன் அல்லவா, அப்படியே செய்திருக்கிறேன்.

உன் சீட்டு ஆறே முக்காலுக்கு வந்தது. ஏழே காலுக்கு மண்டபத்தில் இருந்தேன். அதற்குள் எங்கள் தொண்டர்கள் பதினான்கு பேர் சட்டையைப் போட்டுக்கொண்டு நோட்டீஸ் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்! எவனாவது தன் முதுகைப் பார்ப்பானா? அடுத்தவன் முதுகையும் ஒருத்தனும் படிக்கவில்லை. ஆள் ஆளுக்கு அவ்வளவு பரபரப்பு. எதிரே டீக்கடைக்காரர் ஒரு தொண்டரிடம், “சாமி, உங்களுக்கு வெங்காயம் போடாத வடை தனியா இருக்குதுங்க” என்கிறார். ஒரு அம்மா அவர் காலில் விழப் போனார். “நம்ம இயக்கத்துக்கு ஊருல எம்புட்டு மரியாதை பாத்தியா மாரி” என்று அந்தத் தொண்டர் என்னிடம் பூரித்துப்போய்ச் சொல்கிறார். சித்ரா, அந்த நிமிஷம் எனக்குச் சிரிப்பும் வந்தது, உயிரும் போனது.

ராமரிடம் விஷயத்தைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். துள்ளிக் குதித்தார். “விடுடா அப்படியே! நாப்பது சாமிமார் ‘கடவுள் ஒரு கற்பனை’னு முதுகுல சுமந்துக்கிட்டு மலை ஏறட்டும். இதைவிடப் பிரச்சாரம் உண்டா? உன் மச்சினன்கிட்ட ஒரு போட்டோ மட்டும் வாங்கிரு” என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரிக்க வாயெடுத்தேன். பொய் சொல்ல மாட்டேன் உன்னிடம். வாய் பாதி திறந்துவிட்டது.

அப்போது மேடையில் பேனரைக் கட்டி நிமிர்த்தினார்கள்.

எட்டடி. அந்தப் படத்தை என் போனில் நூறு தடவை பார்த்திருக்கிறேன். நீ எழுதிய பிறகும் எடுத்துப் பார்த்தேன், என்ன சொல்கிறாய் என்று புரியவில்லை. பெரிதாக நிமிர்ந்து நின்றபோதுதான் தெரிந்தது. நாங்கள் எல்லோரும் சிரிக்கிறோம். அவள் அழுகிறாள். வாயைப் பிளந்து, கண்ணை இறுக்கி மூடி, என் பக்கம் கையை நீட்டிக்கொண்டு அழுகிறாள். நான் கத்தரியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளையம்மாள் மண்டபத்தில் கிடந்தபோது சுற்றி நின்ற பெரியவர்களும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கயிற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மேடைக்கு ஏறி பேனரை அவிழ்த்தேன். “எலேய், என்னடா பண்ணுத?” என்று ராமர் கத்தினார். அவர்களிடம் நான் வெள்ளையம்மாளைப் பற்றிச் சொன்னதே இல்லை, நீ எழுதியது சரிதான். மைக் இல்லாமல், பேனரைச் சுருட்டிக்கொண்டே சொன்னேன். ஏழு கயிறு வரைக்கும் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. முதலில் அந்த வடைத் தொண்டர்தான் சட்டையைக் கழற்றி மடித்துக் கையில் கொடுத்தார். பிறகு ஒவ்வொருவராகக் கழற்றினார்கள். இரண்டு பேர் என்னோடு சேர்ந்து பெட்டியை வண்டியில் வைத்துக் கட்டினார்கள். ராமர் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். அவினாசிபாளையம் தாண்டும்வரை அழுதேன், அதற்குப் பிறகு காற்று காய வைத்துவிட்டது. ஒன்பது இருபதுக்கு உன் கொட்டகை.

ஒன்றை மறைத்துவிட்டேன். அந்தப் பெட்டியில் மேலே இருந்த பதினான்கும் இவர்கள் போட்டுக் கழற்றியது. விரதக்காரர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். சொல்ல வாய் வரவில்லை. மன்னித்துக்கொள்.

ராமர் என்னை வட்டத்திலிருந்து நீக்கிவிட்டதாகக் குரூப்பில் போட்டிருக்கிறார். கீழே பத்தொன்பது பேர் கைதட்டல் போட்டிருந்தார்கள். பதற்றத்தில் விரல் பட்டு நானும் ஒன்று தட்டிவிட்டேன். அவர் இல்லாமல் தனியாகக் கூடலாம் என்று அந்த வடைத் தொண்டர் சொல்லியிருக்கிறார். யாரையும் பார்த்துச் சிரிக்காத கூட்டமாக இருந்தால் வருகிறேன் என்றேன். சாமி உண்டு என்று நான் இப்போதும் சொல்லவில்லை. இல்லை என்றுதான் சொல்கிறேன். அது மாறாது சித்ரா, அதை எதிர்பார்க்காதே.

ஷமீமா அக்கா வீட்டுக்குப் போய்க் கிண்ணத்தைக் கொடுத்தேன். அன்று சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். “கிண்ணத்தைக் கழுவிக் கொடுத்திருக்கீங்களே, அதுவே பெரிசு” என்றார்.

இதனோடு ஒரு கயிறு வைத்திருக்கிறேன். குழந்தைத் துணிக்கு ஓட்டுகிற மெத்தென்ற நூல் கண்டிலிருந்து கறுப்பு இழை எடுத்து நானே முறுக்கினேன். உரசாது. என் உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தேன். இதில் எனக்குத் துளி நம்பிக்கை கிடையாது. வெள்ளையம்மாள் மேல் செய்த சத்தியத்தையும் மறக்கவில்லை. ஆனால் வெட்டியது என் கை, உன்னைக் கேட்காமல் வெட்டியது. கட்டுவதா வேண்டாமா என்பதை நீ சொல்.

மாரி


குண்டடம்
18.12.2025

அன்புள்ள உங்களுக்கு,

அடிக்கவில்லை, பார்த்துக்கொள்ளுங்கள்.

பதினான்கு சட்டைகளையும் எடுத்தவுடனே தெரிந்தது. பீடி வாசம்! விரதக்காரர்களில் யார் பீடி குடிப்பார்கள்? மஞ்சள் தண்ணீரில் அலசிப் பிழிந்து வேலியில் போட்டேன். அரைமணி நேரத்தில் எங்கே காயும்? “சட்டையெல்லாம் சில்லுனு இருக்குதே கண்ணு” என்றார் அப்பா. “பனிங்கப்பா” என்றேன். இன்னொரு பொய். நாற்பது பேரும் சரண கோஷத்தோடு பஸ் ஏறினார்கள். முதுகில் உங்கள் எழுத்து பளிச்சென்று இருந்தது. அவ்வளவு அழகாக அடித்திருக்கிறீர்கள், கண்ணை மூடிக்கொண்டு!

பஸ் கிளம்பும்போது அப்பா ஜன்னல் வழியாகக் கூப்பிட்டு, “அந்தச் சாமி கொட்டகைல பெட்டியோட நின்னுச்சே, ஒரு வாய் காப்பியாவது குடுத்தியா?” என்றார். எவ்வளவு பார்த்தார், என்ன புரிந்தது என்று தெரியாது. நான் கேட்கவும் இல்லை. ஆனால் காப்பி கொடுக்கவில்லை என்பது அன்றிலிருந்து உறுத்துகிறது. முப்பத்தைந்து கிலோமீட்டர் வண்டி ஓட்டி வந்த மனுஷனுக்கு நான் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. பேசினால் அழுதுவிடுவேன் என்று பயம். வேறொன்றும் இல்லை.

அவசரத்தில் உங்கள் சட்டை ஒன்று இங்கே தங்கிவிட்டது. அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. நல்ல பருத்தி என்று தொட்டிலில் விரித்துவிட்டாள். உங்கள் மகள் “கடவுள் ஒரு கற்பனை” மேல் குப்புறப் படுத்துத் தூங்குகிறாள். ஒவ்வொரு தடவை பார்க்கும்போதும் முருகனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுச் சிரிக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வாருங்கள். தாடியை எடுத்துவிட்டு வாருங்கள். அண்ணன் முறைப்பான், முறைக்கட்டும். நான் பேசிக்கொள்கிறேன். இங்க் டப்பாக்களை அலமாரியிலிருந்து எடுத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். மேல்தட்டு எனக்கு வேண்டும், கீழ்த்தட்டை உங்கள் புத்தகங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளையம்மாள் படம் உங்கள் பெட்டிக்கு அடியில் இருக்கிறதே, அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுங்கள். பொட்டு வைக்க மாட்டேன், மாலையும் போட மாட்டேன். அக்ஷராவுக்கு அவள் அத்தை யாரென்று தெரிய வேண்டும்.

கயிறு வந்தது. என் கழுத்தில் வைத்துப் பார்த்தேன், மெத்தென்றுதான் இருக்கிறது. நான் கட்டவில்லை. நீங்கள் வந்த பிறகு, இரண்டு பேரும் உட்கார்ந்து, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே கட்டுவோம். அவள் அழுதால் அவிழ்த்துவிடுவோம். அதற்குப் பிறகு அவளாகக் கேட்கும்வரை கயிறு என்ற பேச்சை நான் எடுக்க மாட்டேன்.

காப்பி போட்டு வைக்கிறேன்.

சித்ரா

பி.கு.: பிளாக்கை எடுத்துவிட்டேன். ஆனாலும் ஞாயிறு வரைக்கும் போன் செய்யாதீர்கள். ஒரு கடிதம் எழுதுங்கள்.